வாகீசன் பேசிய வேகம்

1991 மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கைமாறி வந்த ஒலிநாடாவில் வாகீசனின் குரல் கீச்சென்று சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது. அங்கே பற்றறிக்குத் தடை. வெயிலில் காயவைத்த பழைய பற்றறியில் சோர்ந்து மெதுவாக ஓடிய றெக்கோடரில் அவன் பேசியிருந்தான். லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் கரண்டில் போட்டபோது எல்லாமே விரைந்து ஓடியது. "நான் சுகம் அம்மா. பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு மகன் சிரித்தான். தாய் சிவமலரும் சிரித்தாள்.

அடுத்த மாதமே குண்டுவீச்சில் அவன் செத்துப்போனதாகச் செய்தி வந்தது.

அதன்பிறகு அவள் நாள்தோறும் அந்த நாடாவைப் போட்டுக் கேட்டாள். ஒருநாள் கணவரிடம் கேட்டாள்:

"இது அவன்ரை குரலில்லை. சொந்தக் குரலிலை ஒருக்காக் கேக்கவேணும். ஏலுமே?"

"ஓம், செய்து பாக்கிறன்" என்றார் அம்பலவாணன். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்ட முதல் உதவி அது.

விமான நிலைய ஷிப்ட் முடிந்து வந்ததும் நாடா போடுகிற பழைய கசெற் டெக்கைக் கழற்றினார். லைட் வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மரை மோட்டருக்குப் பூட்டிப் பார்த்தார். மோட்டர் உறுமிச் சூடேறியதே தவிர வேகம் குறையவில்லை. இன்னும் திருக, அப்படியே நின்றுவிட்டது. ஃபேன் றெகுலேற்றரும் கைகொடுக்கவில்லை.

ஃபிறிட்ஜ் திருத்துகிற யோகலிங்கத்தைக் கூட்டிவந்து காட்டினார்.

"அண்ணை, இது கரண்டின்ரை துடிப்போடை சேர்ந்து சுத்திற மோட்டர். வோல்டேஜைக் குறைச்சால் இழுக்க ஏலாமல் நிண்டுபோகும். துடிப்பை மாத்திற மெசினுக்கு நாங்கள் எங்கை போறது? மோட்டரிலை பெல்ட் ஓடுற சின்னச் சில்லைத் தேச்சுச் சிறிசாக்குங்கோ, நாடா மெதுவா ஓடும். ஆனால் கவனம், தேச்சதைத் திரும்ப ஒட்ட ஏலாது."

அம்பலவாணன் அரத்தாளை எடுத்துப் பித்தளைச் சில்லைக் கொஞ்சம் தேய்த்தார். நாடாவைப் போட்டுக் காதுகொடுத்தார். மறுபடி தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மகன் வளர்ந்தான். பள்ளிக்கூடப் பையனானான், குரல் உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் வார்த்தை வாகீசனின் வாயிலிருந்தே வந்ததுபோல இருந்தது. உடனே நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

"நான் சுகம் அம்மா. பயப்பிடாதேங்கோ."

பிறகு சிரிப்பு வரவேண்டும். வந்தது சிரிப்பில்லை. மூச்சு முட்டி முட்டி அவன் அழுதுகொண்டிருந்தான். இத்தனை நாளும் சிரிப்பென்று அவர்கள் கேட்டதெல்லாம் அந்த விம்மல்தான்.

அம்பலவாணன் பதறிப்போய் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார். சிவமலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டாதேங்கோ. அங்கை அழேக்கை அவனுக்குப் பக்கத்திலை ஆர் இருந்தினமோ தெரியாது. அழுது முடிக்கட்டும்."

அவர் அவளருகே தரையில் உட்கார்ந்தார். நாடா ஓடிக்கொண்டிருந்தது.