அடிப்பிடித்த கஞ்சி

கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வாயாடி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அகழாய்வுக் குழியில் மண் வெட்டுகிறவர்களில் அவளுக்குத்தான் அந்தப் பெயர். ஆய்வாளர் மேசைமேல் அவள் தோண்டியெடுத்த சட்டி இருந்தது. உள்ளே விரல் கனத்துக்குத் தீய்ந்த கரி. நகம் படக் கூடாது என்று சொன்னதால் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்திருந்தாள். காலம் கணிக்கச் சுரண்டி அனுப்பிய கரிக்கு இன்று முடிவு வந்திருந்தது. சட்டிக்குக் கீழே கிடந்த எலும்புக்கூட்டின் காலமும் அதில் தெரிந்துவிடும் என்று பேச்சு.

"என்ன சார், ராசா வீட்டுச் சாப்பாடா?"

அவர் சிரிக்கவில்லை. "சட்டி ரொம்பப் பழசும்மா. கஞ்சி பழசில்ல. நீ பொறந்த சமயத்துல காய்ச்சினது."

"பழைய சட்டியில புதுக் கஞ்சியா? உங்க மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. அடுப்புல வச்சவங்க இறக்கவே இல்ல. அப்படியே புதைஞ்சிருக்கு. அப்போ கீழ கிடந்த எலும்பும் பழசில்ல. போலீசுக்குச் சொல்லணும்."

இப்போது குழி தோண்டுகிற அந்த மேடு முன்பு செங்கல் சூளை. மண் வெட்டும்போது அகப்பட்ட பழஞ்சட்டிகளைக் கழுவி அதிலேயே கஞ்சி காய்ச்சினோம் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சட்டி வாங்க வக்கில்லாத பிழைப்பு. வாயாடி வயிற்றில் இருந்தபோது, அந்தச் சூளையிலிருந்துதான் அப்பா எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிப்போனார். அதையும் அம்மாதான் சொன்னாள்.

கடப்பாரையை எடுக்காமலே வீட்டுக்கு நடந்தாள். இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எவ்வளவு ஆழம் போனீங்க?" மகள் இடுப்பு ஒடிகிறதே என்ற கரிசனம் என்று நினைத்திருந்தாள். சட்டி கிடைத்ததைச் சொன்ன அன்றோடு அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. எலும்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு நெருப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சட்டிக்குக் கீழயும் தோண்டிட்டீங்களா?"

அடுப்பில் கஞ்சி சுண்டி, அடிப்பிடிக்கிற வாசனை எழுந்தது. கரண்டி அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. புகை கறுத்து, கூரையைத் தொட்டு, இருவருக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சட்டியை இறக்கவில்லை.