புதைக்க வைத்த முப்பது பிரதிகள்

பெனினா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெப ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டிப் பார்த்துக்கொள்ளும் ஷப்தாய்தான். "அக்கா, உங்க புத்தகத்தையெல்லாம் அலமாரியிலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டாரு ரபி. புதைக்கிற பெட்டியில போடுன்னாரு, போட்டுட்டேன். என்னைத் திட்டாதீங்க."

அடுப்பை அணைத்தாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. எருசலேம் சந்தையின் மீன்கடைச் சந்தில் அவள் நடந்த வேகத்துக்கு வழிவிடாதவன் இல்லை. புதைக்கிற பெட்டியாம். படித்துப் படித்துக் கிழிந்துபோன புனித நூல்களைக் குப்பையில் போடக் கூடாதென்று, கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் வைப்பதற்காகச் சேர்த்துவைக்கிற பெட்டி அது. அவளுடைய புத்தகம் அச்சாகி வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. பசை வாசனைகூடப் போகவில்லை, அதற்குள் அடக்கம்.

பன்னிரண்டு வருஷ உழைப்பில், யூதச் சட்ட விவாதங்களின் பெருநூலான தல்மூத்தின் ஒரே ஒரு பாகம். பழைய அரமேய மொழியில், புள்ளியும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல், ரபிமார்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே போகிற பக்கங்கள். யார் கேட்கிறார், யார் மடக்குகிறார் என்று பிரித்து, காய்கறிக்காரன் வீட்டில் பேசுகிற எபிரேயத்தில் பக்கத்திலேயே எழுதிவைத்தாள். முப்பது பிரதிகளை இந்த ஆலயத்துக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம் அவளுடைய அப்பா.

மீன் விற்ற நெஹமியா இருபத்தாறு வருஷம், கடை திறக்குமுன், இங்கே பாடம் கேட்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருப்பவன் தலையாட்டினால் இவரும் ஆட்டுவார். அவன் பக்கம் புரட்டினால் இவரும் புரட்டுவார். "ஒரு பக்கம்கூட எனக்கு விளங்கினதில்லடி" என்று சாகிற வாரத்தில்தான் மகளிடம் சொன்னார்.

அவள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது காலைப் பாடம் முடிந்து ஏழெட்டு ஆண்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்தும் ரபி ஸெராஹ்யா முன்பக்க மேசையில் இருந்தார். எழுபத்து நான்கு வயது, முழங்கால் வலி, சந்தை முழுக்க மரியாதை.

"ரபி, என் புத்தகத்துல எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு?"

"உட்காரும்மா. மூச்சு வாங்குது உனக்கு."

"உட்கார வரல. கிழிஞ்ச பக்கத்தைக் காட்டுங்க."

"நெஹமியா மகளே, நான் பதினாலு வருஷம் தலையை முட்டிக்கிட்டுப் படிச்சேன். அந்த முட்டல்தான் படிப்பு. நீ மென்னு ஊட்டுற. அப்புறம் இவங்களுக்குப் பல்லு எதுக்கு?"

"எனக்குப் பல்லெல்லாம் இருக்கு ரபி," என்றான் பஸ் ஓட்டுகிற ஓவதியா. "பதினாலு வருஷம்தான் இல்ல." யாரோ காபிக்குள் சிரித்தார்கள்.

ரபியின் முகம் சிவந்தது. "இது புனித நூலே இல்ல. செய்தித்தாள். படிச்சமா போட்டமான்னு இருக்கு."

செய்தித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளுடைய கண் கெட்டது, கழுத்து பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் ஒரே சொல்லில் துடைத்துப் போட்டுவிட்டார்.

"அப்படியா? அப்ப எதுக்குப் புதைக்கிற பெட்டி? செய்தித்தாளை யாராச்சும் கல்லறைக்குக் கொண்டுபோவாங்களா? அதோ இருக்கு குப்பைத் தொட்டி. அதுல போடுங்க. ஷப்தாய் கையால வேண்டாம். உங்க கையால."

பெட்டியிலிருந்து ஒரு பிரதியை உருவிக்கொண்டு வந்தாள். பெண் கையிலிருந்து அவர் வாங்கமாட்டார் என்பதால் மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் கோப்பைகள் குலுங்கின.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அவர் பின்வாங்க முடியாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனார். உள்ளே காகிதக் கோப்பைகளும் ஆரஞ்சுத் தோலும் கிடந்தன. கையை நீட்டினார். விரல் விடவில்லை. மறுபடி நீட்டினார். சட்டென்று பின்னால் இழுத்ததில் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

யாரும் அசையுமுன் ரபி குனிந்துவிட்டார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. புத்தகத்தை எடுத்தார், தூசி தட்டினார், உதட்டில் வைத்து முத்தமிட்டார். புனித நூல் கீழே விழுந்தால் இங்கே பேச்சு வராத பிள்ளைகூட அப்படித்தான் செய்யும். செய்தித்தாளை யாரும் முத்தமிடுவதில்லை.

உதட்டிலிருந்த புத்தகத்தை எடுக்கத் தோன்றாமல் அவர் அப்படியே நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று பெனினாவுக்கு இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம் இன்னும்தான் ஏறியது. தெரியாமல் செய்தவராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இது புனித நூல்தான் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வேறு என்னவெல்லாம் தெரியும்?

"ரபி, எங்கப்பா ஒண்ணும் புரியாமச் சும்மாதான் தலையாட்டினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"தெரியும்மா."

"எப்பத்திலிருந்து?"

"முதல் வாரத்திலிருந்து."

அவள் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டுபோய் அலமாரிக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். ரபி மெல்ல அருகில் வந்து, பெட்டிக்குள் கை நீட்டினார்.

"நீங்க தொடாதீங்க," என்றாள் பெனினா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இருபத்தொன்பதையும் அவளே அடுக்கி முடித்தாள். முப்பதாவது மேசையில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில், அப்பா உட்கார்ந்த இடத்தில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்க வீட்டுக்குப் போனாள்.