புகை நாற்றம் இல்லாத டீ

கள்ளக்குறிச்சியில் நெஞ்சு டாக்டரம்மா நீட்டிய குழாயில் ராணியம்மாளால் முழு மூச்சு ஊத முடியவில்லை. பக்கத்தில் நின்ற புருஷன் சடையன், "நல்லா ஊதுடி. எல்லாத்துலயும் சோம்பல்" என்றான். சாமை அறுப்பில் அவள் மூச்சிரைத்து உட்கார்ந்ததிலிருந்து அவனுக்கு இதே பேச்சுதான்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "சோம்பல் இல்லைங்க. வருஷக்கணக்கா புகை போய் நுரையீரல் கெட்டிருக்கு. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகுது. இவங்க நினைச்சாலும் உடம்பு ஓடாது. வீட்டுல விறகடுப்பா? கேஸ் இல்லையா?"

வீட்டுக்கு வந்த கேஸ் அடுப்பு, கரியாலூர் அருவிக்குப் போகும் வழியில் சடையன் வைத்திருக்கும் டீக்கடையில் எரிகிறது. டீயில் புகை நாற்றம் அடிக்கிறதென்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள் என்று அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். ஜன்னல் இல்லாத சமையலறையில் அவள் விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

ராணியம்மாள் முந்திக்கொண்டாள். "கேஸு இருக்குதுங்க. நான்தான் பயந்துகினு பத்த வைக்கிறதில்ல."

"உன் உயிர் மேல உனக்கே அக்கறை இல்லையாம்மா?" என்று டாக்டரம்மா அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் சடையன் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்து மூச்சு வாங்கியவள் சொன்னாள்:

"இன்னா இருந்தாலும் நம்ம கடை டீ மாதிரி வராதுய்யா."