சாப்பாட்டுக்குப் பின் இருவேளை திட்டு

கொரோனா என்று உறுதியான அன்று பாய்லர்காரர் செய்த முதல் காரியம், தன் பிரஷர் மாத்திரை அட்டையைக் கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளியதுதான்.

"இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். அட்டையில் பாதிக்கு மேல் மாத்திரை மிச்சம் இருந்தது. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் வீட்டை ரெண்டாக்குகிற மனுஷன், இன்று தானே தூக்கிப் போடுகிறார் என்றால் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

"ஏங்க, இது பிரஷர் மாத்திரைங்க."

"தெரியும். எனக்கு இப்ப பிரஷர் வேணும். எதுக்கு இறக்கணும்?"

பாய்லர்காரர் துணிக்குச் சாயம் போடும் ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவர். நேற்றுச் சேர்ந்தவர் அல்ல; மூன்று மேனேஜர்களையும் ரெண்டு பாய்லர்களையும் பார்த்தவர். உலகத்தில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது கடைசியில் பாய்லரில் வந்துதான் நிற்கும். ஒரு சாவு வீட்டில் இறந்தவரைத் தீ அணைந்த பாய்லர் என்று வர்ணித்து, அடி வாங்காமல் தப்பி வந்ததே பெரிய விஷயம்.

இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து விளக்கம் ஆரம்பமானது. ஆலையில் எல்லாச் சாயத் தொட்டிக்கும் ஒரே நேரத்தில் ஆவியைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆவி மொத்தமும் இழுபட்டு பிரஷர் படுத்துவிடும். அதனால் விவரமான ஆள் என்ன செய்வான்? முன்கூட்டியே தீயை ஏற்றி, பிரஷரைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். கிருமி என்பது எல்லாத் தொட்டியும் ஒன்றாகத் திறந்துகொண்ட மாதிரி. இந்த நேரம் பார்த்து மாத்திரை போடுகிறவன், அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்துப் போடுகிற மடையன்.

இதில் பயங்கரம் என்னவென்றால், கேட்பதற்குச் சரி மாதிரியே இருந்தது. அதனால்தான் உடனே டாக்டருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரைக் கதவோரம் பிடித்தாள்.

டாக்டர் அம்மா அன்றைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்தாரோ, குரல் கரகரவென்று இருந்தது. "மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஏற்கனவே பிரஷர் இருக்கறவங்களை இந்தத் தொற்று அதிகமாப் படுத்துது. நுரையீரல் திணறும்போது இதயமும் சேர்ந்து திணறும். கிட்னியும் கெடும். அதுக்கு மேல பிரஷரையும் ஏற விட்டா எப்படி?"

"பாய்லருக்கு சேஃப்டி வால்வு இருக்குங்களே டாக்டர்," என்றார் உள்ளேயிருந்து.

"உங்களுக்குக் கிடையாது சார். உங்களுக்கு வெடிக்கிறதா இருந்தா ரத்தக்குழாய்தான் வெடிக்கும்."

ஃபோன் வைத்ததும் பாய்லர்காரர் தீர்ப்புச் சொன்னார்: "நல்ல அம்மாதான். ஆனா பாய்லர் பார்த்ததில்லை."

அந்த அட்டை குப்பைக்குப் போகவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய் டாக்டருக்கு மறுபடி ஃபோன் செய்து, இந்த மாத்திரையைப் பொடிக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டாள். இதைப் பொடிக்கலாம், ஆனால் அவருக்குத் தெரியாமல் கொடுப்பது சரியில்லை, சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். "சொன்னா பிரஷர் ஏறுமே டாக்டர்," என்றாள் இவள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "தேறினதும் முதல் வேலையா சொல்லிடுங்க."

அன்றிலிருந்து கதவருகே ஸ்டூலில் வைக்கும் காலை சூப்பில் மாத்திரையும் கரைந்தது. மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவினாள். அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வினை வேறு வடிவத்தில் வந்தது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. நூற்று முப்பது, எண்பது என்று அது காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஏற மாட்டேங்குதே. தீ பத்தலை," என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ என்னைத் திட்டு," என்றார்.

"என்னது?"

"எனக்குக் கோபம் வரணும். கோபம் வந்தா பிரஷர் ஏறும். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. சாப்பாட்டுக்கு அப்புறம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயால் இப்படி ஒரு வரம் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முதல் வேளை கூச்சமாக இருந்தது. "நீங்க கொஞ்சம் பிடிவாதக்காரருங்க," என்று ஆரம்பித்தாள்.

"மரியாதையா திட்டினா எப்படிடி ஏறும்? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேளு!"

கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து, முகக்கவசத்துக்குள்ளிருந்தே கொட்டித் தீர்த்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு என்று கிளப்பிக்கொண்டு போய் பாய்லர் ரூமைச் சுற்றிக் காட்டியது. அவள் பிரசவ வலியில் துடித்தபோது, "இன்னும் கொஞ்சம் பிரஷர், இன்னும் கொஞ்சம்" என்று பக்கத்தில் நின்று கத்தியதில் நர்ஸ் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. மகள் வெளியூரிலிருந்து அழுதுகொண்டு பேசினபோது ஃபோனில் கொதிநீர் பற்றிப் பாடம் நடத்தியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்துகொண்டது. தெருவில் எல்லாரும் அடைந்து கிடந்த காலம். அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

திட்டு முடிந்ததும் உள்ளே மெஷின் உர்ரென்று காற்றடிக்கும்.

"நூத்தி இருபத்தெட்டு," என்பார் பரிதாபமாக. "குறைஞ்சிருக்கு. உனக்குத் திட்டவே வரலை."

அவளுக்கோ ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காய்ச்சல் விட்டது. இருமல் தணிந்தது. தனிமை நாள் முடிந்து கதவைத் திறந்துகொண்டு பாய்லர்காரர் வெளியே வந்தபோது, யுத்தத்தில் ஜெயித்து வந்த ராஜாவுக்குக் கூட அந்த நடை இருக்காது. பிரஷர் ஏன் மெஷினில் தெரியவில்லை என்பதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏறியது ஏறியபடியே கிருமியை அடிப்பதில் செலவாகிவிட்டதாம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உன் தம்பிக்கும் சொல்லிட்டேன். அவன் மாத்திரையை நிறுத்தி மூணு நாளாச்சு."

தம்பி அதே ஆலையில் அவருக்குக் கீழே பாய்லர் பார்க்கிறவன். அவனுக்கும் பிரஷர் உண்டு, அவனுக்கும் தொற்று வந்திருந்தது. மனைவியையும் குழந்தையையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தான். அத்தான் சொன்னால் நெருப்பில் கைவைத்துப் பார்க்கிற ரகம்.

உடனே ஃபோன் செய்தாள். "டேய், மாத்திரையைப் போடுடா."

"தலை கொஞ்சம் விண்ணு விண்ணுனு இருக்குக்கா. மூச்சும் கொஞ்சம் வாங்குது. அது நல்ல அறிகுறினு அத்தான் சொன்னார்." நடுவில் ரெண்டு தரம் நிறுத்தி மூச்செடுத்தான். "அத்தானே போடாமத்தான தேறினார்?"

"அவர் போட்டுக்கிட்டுத்தான்டா இருந்தார்! நான் சூப்புல கரைச்சுக் குடுத்தேன்."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. "என்னைப் பயமுறுத்தி மாத்திரை போட வைக்கக் கதை விடறே. அத்தான் சொல்லட்டும், போடறேன்."

அவள் ஃபோனை வைத்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி முகவரியைக் கொடுத்தாள். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"எந்த சூப்புல?"

"எல்லா சூப்புலயும்."

"மருந்து வச்சிட்டியேடி எனக்கு!" என்று கத்தியவர், பழக்கதோஷத்தில் கைப் பட்டையைச் சுற்றிப் பட்டனை அழுத்தினார். நூற்று எழுபது. "பாரு! இப்பத்தான் ஒழுங்கா ஏறுது," என்றார். அதில் கோபம் பாதி, சந்தோஷம் பாதி.

"அந்த எழவை அவிழுங்க!" என்று அவள் கத்தினாள். இதுவரை திட்டியதெல்லாம் விளையாட்டு என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "அவன் செத்துப்போயிடுவான்ங்க. என் தம்பி செத்துப்போயிடுவான். ஃபோனை எடுத்து உண்மையைச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்னனு சொல்றது? சூப்புல மாத்திரை கரைஞ்சதுகூடத் தெரியாத ஆளுனா? நாளைக்கு ஆலையில எவன் என்னை மதிப்பான்?"

ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது என்று அவள் மறுபடி ஃபோன் போட்டுக் கேட்டாள்; தம்பி வீட்டுத் தெருவுக்குத் திரும்பிவிட்டதாம். அந்த நேரம் அவர் ஃபோன் அடித்தது. தம்பிதான். அவள் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அத்தான்..." ஒரு மூச்சு. "இரநூத்திப் பத்து வந்துடுச்சு." இன்னொரு மூச்சு. "போதுமா? இன்னும் ஏத்தணுமா? திட்ட வீட்ல ஆள் இல்ல... நானே கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கிட்டேன்."

பாய்லர்காரர் முகம் வெளுத்துப்போயிற்று.

"வாசல்ல ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது அத்தான். அக்கா வேலைதான? நான் போகலை. அங்க போனா... மாத்திரையைக் குடுத்து இறக்கிடுவாங்க. இப்பத்தான் ஏறுது."

"போடா!" என்று அலறினார் பாய்லர்காரர். "கதவைத் திற. போ. நான் மாத்திரை போட்டுத்தான்டா தேறினேன். தினமும் போட்டேன். உங்கக்கா குடுத்தா, எனக்குத் தெரியலை. நான் சொன்னது அத்தனையும் தப்பு. நான் ஒரு மடையன்டா. கதவைத் திற!"

பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம், பூட்ஸ் கால்கள், பேச்சுக்குரல்கள். ஃபோன் யார் கைக்கோ மாறியது.

"யாருங்க லைன்ல? பேஷன்ட்டுக்குப் பிரஷர் தாறுமாறா இருக்கு. மாத்திரை சாப்பிடறவரா?"

"சாப்பிடறவன்தாங்க. மூணு நாளா நிறுத்திட்டான். நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. பாய்லர் ஓட்டறவன்."

அவள் ஃபோனருகே வாயைக் கொண்டுபோனாள். "அவர் மட்டும் காரணம் இல்லைங்க. நான் முதல் நாளே இவர்கிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. என் தப்புதான்."

"நீ சும்மா இரு, தப்பு என்னோடது," என்றார் அவர்.

"என்னோடதுங்க!"

"சொன்னாக் கேளுடி!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றது ஆம்புலன்ஸ்காரர் குரல். "ஆளை வண்டியில ஏத்தணும். மாஸ்க்கை எடுத்துட்டு ஏதோ சொல்றார், இருங்க."

தூரத்தில், சக்கரப் படுக்கையின் கடகடப்புக்கு நடுவே, தம்பியின் குரல் விட்டு விட்டு வந்தது.

"அக்கா... சண்டை போடாதே... அத்தானுக்குப் பிரஷர் ஏறிடும்."