சீட்டு ஒட்டாத குப்பிகள்

அவளுக்கு வாசனை போய்ப் பதினோரு நாளாகியிருந்தது. சாதாரணச் சளிதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் இருமலும் நின்றது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. காபி வெறும் சூடு, சோப்பு வெறும் வழுவழுப்பு என்று ஆகிவிட்டது. வேறு எதுவாக இருந்தாலும் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

காரணம், அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில் இருந்த ஐந்து பழுப்பு எண்ணெய்க் குப்பிகள். புதினா, கிராம்பு, லாவெண்டர், யூகலிப்டஸ், டீ ட்ரீ. கடையில் மொத்தமாக வாங்கி, தானே ஒரே மாதிரிக் குப்பிகளில் ஊற்றி வைப்பாள். ஒன்றிலும் பெயர் கிடையாது. மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இருந்த வேலையே கோப்புக்குக் கோப்பு சீட்டு ஒட்டுவதுதான்.

"ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டுற, வீட்டுல அஞ்சு பாட்டிலுக்கு ஒட்டக் கூடாதா?" என்று கணவன் கிண்டல் செய்வான்.

"எம் மூக்கு இருக்கும்போது சீட்டு எதுக்கு?"

கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் எல்லா இடமும் ஏற்கெனவே ஆளாளுக்குப் போயிருந்தது. சமையலறை மாமியார் கையில். பேச்சும் சிரிப்பும் நாத்தனார் பக்கம். அவளுக்கு மிஞ்சியவை அந்த வீட்டுத் தலைவலிகள். யாருக்கோ கழுத்துப் பிடிப்பு, யாருக்கோ பல் கூச்சம், பூச்சிக்கடி, தூக்கம் வராத தொல்லை. ஒவ்வொன்றாக அவளிடம் வந்தன. துளியை எண்ணி, தேங்காய் எண்ணெயில் கலந்து, நெற்றியில் தடவும்போதுதான் அந்த வீட்டில் யாராவது அவள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். மாமியார் போய்ச் சேரும்வரை அவளைக் கூப்பிட்டதே ‘எண்ணெய் டாக்டர்’ என்றுதான். கேலியாக ஆரம்பித்த பெயர் எப்போது மரியாதையாக மாறியதென்று அவளுக்கே தெரியாது.

இந்தப் பதினோரு நாளும் ஒப்பேற்றிவிட்டாள். மணிக்கட்டில் ஒரு துளி வைத்தால் புதினா குளிரும், கிராம்பு காந்தும். மற்ற மூன்றும் தோலுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. அவற்றை இடத்தை வைத்து அடையாளம் கண்டாள்: இடது ஓரம் லாவெண்டர், நடுவில் யூகலிப்டஸ், வலது ஓரம் டீ ட்ரீ. ஆறாம் நாள் கணவனுக்குத் தலைவலி வந்தது. தடவிவிட்டாள்.

"இன்னைக்கு வேற வாசனையா இருக்கே?"

"புதுக் கலவை," என்றாள்.

அரை மணியில் குறட்டைவிட்டான். காலையில், "பழசைவிட இது பிரமாதம்" என்றான். வேறு எதையோ எடுத்திருக்கிறாள் என்பது உறுதி. எதை என்றுதான் தெரியவில்லை. அந்தப் பாராட்டு அவளை இரண்டு நாள் அரித்தது. அப்படியானால் இத்தனை வருஷமும் அவர்களைத் தூங்கவைத்தது எது? எண்ணெயா? நெற்றியில் நின்ற விரலா? விரல்தான் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஏன் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது?

பதினோராம் நாளான அன்று அவளுக்கு வார விடுமுறை. பதினோரு மணிக்கு நாத்தனார் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் முதல் நாள். குழந்தை மூக்கடைத்துச் சிணுங்கியது.

"ராத்திரி பூரா உர்ர்னு மூச்சு, அண்ணி. டாக்டரைப் பாத்தாச்சு. வெறும் சளிதானாம், உப்புத்தண்ணி சொட்டு போடச் சொன்னாரு. ஆனா எனக்கு மனசு கேக்கல. நீங்க ஏதாவது பண்ணுங்களேன்."

"என் எண்ணெயைத்தான் நீ பாட்டில் சாமியார் வேலைன்னு சொல்லுவியே?"

"அப்ப எனக்குப் பிள்ளை இல்ல. இப்பச் சொல்றேன், உங்களை விட்டா எனக்கு யாரு? பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க, நெஞ்சுல ஏதோ தடவினா சட்டுனு விடுமாம்."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அவள் எழுந்து உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தாள்.

குப்பிகள் இடம் மாறியிருந்தன. கழுத்துப் பிடிப்புக்குத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று கணவன் காலையில் துழாவியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோனாள். ஐந்தும் காலி அறைகள் மாதிரி இருந்தன. கைக்குழந்தைக்கு எதையும் தடவக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்; யூகலிப்டஸும் புதினாவும் மூச்சையே பிடித்துவிடும். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கே அதிகம் போனால் லாவெண்டர் ஒரு சொட்டைத் துணியில் விட்டு அறையின் எதிர்மூலையில் வைப்பாள். ஒரு துணியைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் நாத்தனார் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாள். மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துப் புதினாவையும் கிராம்பையும் ஒதுக்கினாள்; இடது கையில் இருப்பது லாவெண்டராகவே இருக்கலாம். மூன்றில் ஒன்று.

மூன்றில் ஒன்று என்று நினைத்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. ஏன் ஒரு சீட்டு இல்லை? மூக்கின் பெருமை ஒரு காரணம். இன்னொன்றை அவள் இதுவரை தனக்கே சொன்னதில்லை. பெயர் எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அவளைத் தேடி யார் வருவார்கள்?

வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"எனக்கு மூக்கு போச்சு."

"என்னது?"

"வாசனை தெரியல. பதினோரு நாளா. எது எந்த எண்ணெய்னே தெரியாது. தெரிஞ்சாலும் இவனுக்கு எதையும் தடவ விடமாட்டேன். பக்கத்து வீட்டக்கா சொன்னது தப்பு."

நாத்தனார் குழந்தையைத் தோள் மாற்றினாள். "பதினோரு நாளா? அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. என்னத்தையோ தடவினேன். பிரமாதம்னாரு."

கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். நாத்தனாருக்கு முதலில் வந்தது சிரிப்பு. அது பாதியில் நின்றது. "சொல்லியிருக்கலாம்ல அண்ணி. நாங்க என்ன உங்களைத் தூக்கியா வெளிய போட்டுருவோம்?"

‘அதுக்குத்தான் பயந்தேன்’ என்று சொல்லத் தோன்றியது. கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"உப்புத்தண்ணி சொட்டு இருக்கா?"

பையில் இருந்தது. அவள் குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் சொட்டுவிட்டாள். தும்மல், அழுகை, கொஞ்சம் சளி. தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது நடையில் மூச்சு சீராகத் தொடங்கியது. பழக்கத்தில் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. கண் கரித்தது.

நாத்தனார் கவனித்துவிட்டாள். எட்டிக் குனிந்து தானும் முகர்ந்தாள். "புளிச்ச பால் நாத்தம். கொஞ்சம் வேர்வை. உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல, அண்ணி."

"போடி."

"நெசமா. நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டணும்." கைப்பையை மாட்டிக்கொண்டவள் வாசலில் நின்றாள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. "இவன் இங்கயே இருக்கட்டுமா? ஆறு மணிக்கு வந்துடுறேன்."

"எங்கிட்டயா?"

"பின்ன யாருகிட்ட? மூச்சு ஒரு மாதிரி ஆனா உடனே கூப்பிடுங்க. இந்தத் தடவை பதினோரு நாள் காத்திருக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. குழந்தை அவள் கழுத்தில் ஈரமாக மூச்சுவிட்டது. அவள் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாள்.