தகரத்தில் வைத்த காது

எஸ்தர் பிக்கப்பின் பின்தட்டில் குப்புறப் படுத்து, இடது காதைத் தகரத்தோடு ஒட்டி வைத்திருந்தாள். வெயிலேறிய தகரம் கன்னத்தைச் சுட்டது. புடவைத் தலைப்பை மடித்து அடியில் கொடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் துணி இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். அப்புறம் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்கும்போது சொல்ல முடியாது. முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் பிலவேந்திரன். தொண்டூர் ரோட்டில் எங்கே குழி இருக்கிறதோ அங்கேயே தேடிப் போய்ச் சக்கரத்தை இறக்கினான். ஒவ்வொரு குழிக்கும் அவள் உடம்பு எழும்பி விழுந்தது. விலா எலும்பு தகரத்தில் மோதும் சத்தம் எது, வண்டியின் சத்தம் எது என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது.

வண்டியைத் தூக்கி விட்டதிலிருந்துதான் இந்தச் சத்தம். வேலிக்கல் ஏற்றப் போகும் குவாரிப் பாதையில் அடிப்பக்கம் பாறையில் இடிக்கிறது என்று, திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ரஹமத்திடம் போய் உயர்த்திக்கொண்டு வந்தான். பின்சக்கர அச்சுக்கும் அதற்கு மேலே இருக்கும் வில்பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து நீளமான யூ போல்ட்டால் கட்டி முறுக்கியிருந்தார் ரஹமத். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலவேந்திரன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்றைக்கு முழுக்க அவன் கை யார்மீதும் படவில்லை. மறுநாள் முதல் லோடு ஏற்றியதும் சத்தம் வந்துவிட்டது.

அவன் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு பட்டறைக்குள் போனதை எஸ்தர் கேபினில் உட்கார்ந்தபடி பார்த்தாள். ரஹமத் வேறொரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ராடைப் பார்த்த பிறகும் பொறுமையாகத்தான் பேசினார்.

"புதுக் கட்டைண்ணா. லோடு ஏறினா அமுங்கி உக்காரும், அப்ப யூ போல்ட்டு லூசாவும். இன்னொரு தபா டைட் வெக்கணும்னு அன்னிக்கே சொன்னேனே. கிளம்பறப்ப ஒருக்கா, பிரேக் போடறப்ப ஒருக்கா டொக்குன்னு கேட்டா அதான். அத்தோட ஓட்டாத, அச்சு நவுந்துடும்."

அவர் சொல்லி முடிக்கவும் ராடு அவர் முழங்கையில் இறங்கவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எஸ்தர் எதிலும் காதை வைக்கத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு செஞ்சியில் எந்தப் பட்டறைக்காரரும் அவன் வண்டிக்கு அடியில் படுக்கத் தயாராக இல்லை. ஒருவர் கடை சாவியையே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ரஹமத்திடம் போய் நிற்க அவனால் முடியவில்லை. அதனால்தான் பெண்டாட்டியின் காது மெக்கானிக் ஆனது.

நல்ல காதுதான் அவளுக்கு. கல்யாணம் ஆகி வந்த புதிதில் அப்படி இல்லை. கதவின் தாழ்ப்பாள் விழும் விதத்தை வைத்து, அன்றைக்கு அடி முதுகிலா முகத்திலா என்று சொல்லும் அளவுக்கு அது மெல்ல மெல்லத் தேறியது. அவன் செருப்பைக் கழற்றிப் போடும்போது இரண்டும் சேர்ந்து விழுந்தால் சோறு போடலாம். ஒன்று முன்னால் விழுந்து மற்றது தள்ளிப் போய் விழுந்தால் அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அங்கே அரிவாள்மனை இருக்கிறது. இதையெல்லாம் யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால், இத்தனை தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்பார்கள்.

வண்டியில் இரண்டு சத்தங்கள் இருந்தன. வலது பக்கம், குழியில் இறங்கும்போதெல்லாம் கிரீச்சென்று ஒன்று. ரப்பர் புஷ் காய்ந்திருந்தால் அப்படித்தான் கத்தும், ஆபத்தில்லை. இன்னொன்று இடது சக்கரத்துக்கு மேலே, அவள் காதுக்கு நேர் கீழே. கிளம்பும்போது ஒரு டொக். நிற்கும்போது ஒரு டொக்.

வண்டி நின்றது. பின்கதவு படாரென்று விழுந்தது.

"எங்கடி?"

"லெப்ட்ல மாமா. யூ போல்ட்டு. அன்னிக்கி ரஹமத் அண்ணன் சொன்னாரே..."

புறங்கை வாயில் விழுந்தது. பல் உதட்டில் ஏறி, வாய்க்குள் உப்புக் கரித்தது. அவன் அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தலையைத் தகரத்தில் மோதினான். ஒருமுறை மோதிவிட்டு, சத்தம் சரியாக வரவில்லை என்பதுபோல் மறுபடியும் மோதினான்.

"அண்ணனா ஒனக்கு அவன்? எந்த ஊர்லடி உன் நைனா அவனப் பெத்துட்டு வந்தான்? இன்னொரு தபா அந்தப் பேரு உன் வாய்ல வந்துது, வண்டிய உன்மேலயே ஏத்திடுவேன். படு. ஒயுங்கா கேளு."

மறுபடியும் ஓட்டினான். இந்த முறை குழிகளைத் தேடவில்லை, ரோட்டையே விட்டுவிட்டு அறுத்த வயலின் வரப்புகள்மேல் ஏற்றி இறக்கினான். எஸ்தர் பக்கத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். உதட்டிலிருந்து சொட்டியது தகரத்தின் பள்ளத்தில் ஓடிச் சூட்டில் உடனே காய்ந்தது. டொக். காதுக்குக் கீழே இரும்பு இரும்பைத் தட்டியது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். உள்ளே ஏதோ ஒன்று மிகவும் அமைதியாகிவிட்டது.

"ரைட்டு பக்கம் மாமா," என்றாள் வண்டி நின்றதும். "ரப்பர் புஷ்ஷு."

அவன் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கரைத்து வலது புஷ்மேல் ஊற்றிவிட்டு வண்டியை ஆட்டிப் பார்த்தான். கிரீச் நின்றுவிட்டது. குழந்தைபோலச் சிரித்தான். வரும் வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, டம்ளரிலிருந்த ஐஸ் துண்டை அவனே எடுத்து அவள் உதட்டில் வைத்தான். உண்மையைச் சொன்னதற்கு அடி, பொய்க்குக் கரும்புச்சாறு. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

போல்ட்டை இறுக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மறுநாள் பனமலைக்கு லோடு. வண்டி நிறைய வேலிக்கல். ஏரிக்கரைமேல் ஏறி இறங்கும் ரோடு. அவன் தனியாகத்தான் போவான். கரைக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கும் வண்டியையும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சக்கரத்தையும் அவள் மனத்தில் பார்த்தாள். பயம் வரவில்லை. பயம் வராததுதான் பயமாக இருந்தது.

காலையில் கல் ஏற்றி முடித்ததும் அவன் கேபின் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறு. உன் காதுதான் நம்ம வண்டிக்கு ராசி."

தலைவலி என்றாள். அவன் முகம் மாறுவதைப் பார்த்ததும் ஏறிக்கொண்டாள்.

பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். கிளம்பும்போது டொக். கல் ஆடுது என்று அவனே சொல்லிக்கொண்டான். மண்டகப்பட்டு தாண்டியதும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கேட்க ஆரம்பித்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இடது பின்சக்கரம் தெரிந்தது. காலையில் மட்கார்டுக்கு நடுவில் இருந்த சக்கரம் இப்போது ஒரு கை அகலம் நகர்ந்து, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டயரிலிருந்து கறுப்புத் தூள் பறந்தது.

வண்டி ஏரிக்கரைமேல் ஏறியது. கீழே இறங்கும் சரிவில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மண்வெட்டியும் தூக்குவாளியுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்ல, மற்றவர்கள் தோளில் அடித்துச் சிரித்தார்கள். நேற்று இவள் மனத்தில் பார்த்த கரையில் இவர்கள் யாரும் இருக்கவில்லை. இவளும் இருக்கவில்லை.

பிலவேந்திரன் ஆரனை அழுத்தியபடியே பாட்டைக் குறைத்தான்.

"இன்னாடி, உம்முனு வர்றே? எதுனா சொல்லணுமா?"

அவன் கால் பிரேக்கை நோக்கிப் போனது. அழுத்தினால், நகர்ந்த அச்சு கழன்று வண்டி அந்தப் பெண்கள்மேல் புரளும். எஸ்தர் வாயைத் திறந்தாள். ராத்திரி முழுக்கக் காய்ந்து ஒட்டியிருந்த உதடு பிளந்தது. சூடாக ஒரு கோடு மோவாய்க்கு இறங்கி, மடியில் சொட்டியது.