பதினான்காம் பதிலின் முதல் வரி

நவம்பர் 12, புதன். மாலை ஐந்தே முக்கால்.

திங்கட்கிழமைக் குறிப்பில் ஒரு சிறு தவறு. அந்த அழைப்பு ஐந்து நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி நீடித்தது என்று எழுதியிருந்தேன். இன்று பதிவைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிடம் பதினோரு நொடி. எங்களுக்கு ஓர் அழைப்புக்கு அனுமதி ஆறு நிமிடம். ஆக, நாற்பத்தொன்பது நொடி கையில் மிச்சம் இருந்திருக்கிறது. நேரமில்லாததால்தான் கேட்கவில்லை என்று இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது பொய்.

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. கடலுக்கடியில் கட்டிக்கொண்டு போகும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம், மேலே ஏறிய வேகம் என்ன (அவசரமாக ஏறினாலும், ஓய்வில்லாமல் மறுபடி மறுபடி இறங்கினாலும் உடம்பு முடங்கிப்போகலாம்), எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். கரைக்கு வந்ததும் கைப்பேசியில் உள்ள செயலிக்கு அனுப்பிவிடும். அனுப்பிவிட வேண்டும். அனுப்பாதபோது தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. நான் இதுவரை வாளித் தண்ணீரைத் தவிர வேறெதிலும் தலையை முக்கியதில்லை.

எங்களிடம் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள் முப்பத்தொன்று உண்டு. அவற்றில் பதினான்காவதை ஒருவருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான் கதை.

(அவ்வளவுதான் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை எடுக்கப்போவதில்லை. இதில் எழுதிய எதையும் எடுப்பதாக இல்லை. காரணம் மூன்றாம் பகுதியில் வரும்.)

நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில் இந்த வாரம் கொடுத்த வேலை: செய்த தவறொன்றைக் கதையாக்குக. 'நான்' என்று தொடங்கினால் என் பேனா நேரே சாக்குப்போக்கில் போய் நிற்கிறது. அதனால் 'அவன்' என்று எழுதுகிறேன். அவனுக்கு நான் சலுகை காட்ட வேண்டியதில்லை.

2

தொடக்கங்கள்.

'கடல் அன்று அமைதியாக இருந்தது.' அவன் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. அமைதியாக இருந்ததா என்று யாரிடமும் கேட்டதுமில்லை.

'அவன் வேலையில் கெட்டிக்காரன்.' யார் சொன்னது? அவன்தான்.

'திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்கு ஓர் அழைப்பு வந்தது.' இது பரவாயில்லை.

திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்கு ஓர் அழைப்பு வந்தது. கூப்பிட்டவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பேசினாள். பின்னால் பத்துப் பிள்ளைகளாவது ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, மூணு நாளா தொண்ணூத்தேழு பர்சென்ட்லயே நிக்குது. அதுக்கு மேல ஒரு அடி நகர மாட்டேங்குது."

"சிங்க் ஆகலைங்களா மேடம்?"

"அதென்னமோ. சுத்துது, சுத்துது, தொண்ணூத்தேழு. என் வண்டியே தேவலை, தள்ளிவிட்டாலாவது கிளம்பும். ஏய், ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாத! உன்னைத்தான்! தம்பி, உங்களைச் சொல்லல."

அவன் சிரித்தான். (பதிவில் கேட்கிறது. ஒரு நிமிடம் நாற்பதாவது நொடி.)

"வாட்ச் உங்களோடதா மேடம்?"

"வீட்டுக்காரரோடது. கப்பலுக்கு அடியில ஒட்டியிருக்கற சிப்பியெல்லாம் சுரண்டுற வேலை. இப்ப ஆஸ்பத்திரில இருக்காரு. அது என்னன்னா, வெள்ளிக்கிழமை..."

"மேடம், ஒரு நிமிஷம். உங்களுக்கு இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கற ஆறு படியையும் அப்படியே பண்ணுங்க. சரியாயிடும்."

வெள்ளிக்கிழமை என்ன என்று அவன் கேட்கவில்லை. மீதி நேரமெல்லாம் மெசேஜ் வந்ததா, படி ஒன்று புரிந்ததா, படி இரண்டு புரிந்ததா என்பதிலேயே போயிற்று. அவள் குரலுக்கு அடியில்

[அவள் குரலுக்கு அடியில் என்ன இருந்தது என்று எழுத வந்தேன். தெரியாது. அவன் காதில் வாங்கவில்லை.]

3

பதினான்காம் பதில் முன்பு பதினோரு வரி. முதல் வரி இது: 'செயலிக்கு இன்னும் வந்துசேராத முக்குளிப்புகள் கடிகாரத்தில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அவை அழிந்துவிடும்.' அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைச் செயலியிலிருந்து பிரிப்பது, அதை வாங்கிய நாளில் இருந்த மாதிரி வெறுமையாக்குவது, மறுபடி இணைப்பது என்கிற படிகள்.

இரண்டு மாதத்துக்கு முன் வகுப்பில், இப்போது எனக்கு முன்னால் இருக்கும் இதே கரும்பலகையில், 'தேவையில்லாததை வெட்டு' என்று எழுதிப் போட்டார்கள். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. டைரியை வெட்டினான். அம்மாவுக்கு அனுப்பும் செய்திகளைக்கூட வெட்டினான். "என்னடா, தந்தியா அடிக்கிற?" என்று அம்மா கேட்டாள். பிறகு அலுவலகத்துப் பதில்கள் முப்பத்தொன்றிலும் கை வைத்தான். பதினான்கில் அந்த முதல் வரி ஆளைப் பயமுறுத்துவதாகப் பட்டது. அழிப்பதற்கு முன் கடிகாரமே ஒரு தடவை கேட்குமே, நாம் வேறு எதற்கு என்று நினைத்தான்.

கடிகாரம் கேட்கும், உண்மைதான். 'தொடரலாமா?' என்று கேட்கும். தொடர்ந்தால் எது போகும் என்று சொல்லாது. மற்ற முப்பது பதில்களையும் அவன் கடிகாரத்தில் செய்துபார்த்துத்தான் திருத்தினான். பதினான்குக்கு வந்த அன்று, அலுவலகத்தில் இருந்த ஒரே கடிகாரத்தை யாரோ கண்காட்சிக்கு எடுத்துப்போயிருந்தார்கள்.

டீம் லீடரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'ஸ்டாப்வாட்ச்' என்பார்கள். அவர் புதிய பதினான்கைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "பாருங்கப்பா, இதான் எழுத்து. எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிட்டுப் போகுது."

அன்று அவன் பஸ் ஏற மறந்து வீடுவரை நடந்தே போனான். அவன் எழுதியதை எழுத்து என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

இங்கே எதையும் வெட்டாததற்குக் காரணம் இதுதான். வழுக்காவிட்டால் போகட்டும்.

4

செவ்வாய்க்கிழமை மறுபடி அவள். இப்போது பிள்ளைகளின் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரி போலிருந்தது, ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்து போயிற்று.

(முந்தைய பிரதியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.)

"தம்பி, நேத்துப் பேசினது நீங்கதானே? உங்க புண்ணியம், நூறு வந்துருச்சு!"

"சந்தோஷம் மேடம்."

"ஆனா வெள்ளிக்கிழமையக் காணோம். அதுக்கு முந்தினதெல்லாம் வரிசையா இருக்கு. அன்னைக்கு மட்டும் இல்ல. எங்க போய்ப் பார்க்கணும்?"



"வெள்ளிக்கிழமை என்ன மேடம்?" ஒரு நாள் தாமதமாகக் கேட்ட கேள்வி.

"அன்னைக்கு மூணு தடவை இறக்கிட்டாங்க தம்பி. நடுவுல உக்காரக்கூட விடல. மேல வந்தவரு படியில கால் வெக்க முடியாம விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ இன்னும் உணர்ச்சி வரல. கம்பெனியில என்னடான்னா, ரெண்டு தடவைதான் இறங்கினாரு, அவரா அவசரப்பட்டு மளமளன்னு மேல ஏறிட்டாரு, அதான் இப்படி ஆச்சுங்கறாங்க. இவரு படுத்துக்கிட்டே சிரிக்கறாரு. 'என்னை எதுக்குக் கேக்கறீங்க, வாட்ச்சைக் கேளுங்க'ங்கறாரு. நாளன்னைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நான் போன்லயே காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவனுக்குத் தெரியும். அந்த நொடியில் முழுதாகத் தெரியும்.

"சர்வர்ல இருந்து வரணும் மேடம். சில நேரம் லேட்டாகும். நாளைக்கு ஒரு தடவை பாருங்க."

"வந்துரும்ல?"

"வந்துரும்."*

* 'வந்துரும்' என்பது எங்கள் முப்பத்தொரு பதில்களில் எதிலும் இல்லை. அவனே சொந்தமாகச் சொன்னது. ஒரே சொல். வெட்டுவதற்கு அதில் எதுவுமில்லை.

5

வெள்ளிக்கிழமைப் பதிவை மீட்க முடியுமா என்று கேட்டிருந்ததற்கு, இன்று மதியம் எங்கள் பொறியாளர்களிடமிருந்து பதில் வந்தது. அதுவும் ஒரே வரி: 'கடிகாரத்தில் மட்டுமே இருந்தது என்றால் மீட்க வழியில்லை.'

அவன் ஸ்டாப்வாட்ச்சின் மேசைக்குப் போனான்.

"சார், பதினாலுல ஒரு வரியைத் திரும்பச் சேர்க்கணும்."

"எடுக்கறப்ப எங்கிட்டக் கேட்டியா?"

"காமிச்சேன் சார். நீங்கதான் வாசிச்சீங்க."

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி, ஃபார்ம் போடு. மூணு வேலை நாள் ஆகும்."

"அதுவரைக்கும் எல்லாரும் இதையே அனுப்புவாங்களே சார்."

"ரெண்டு மாசமா அனுப்பலியா? மூணு நாள்ல என்ன குடி முழுகிடப்போகுது?"

"அந்த மேடத்துக்கு என்ன சார் சொல்றது?"

இப்போதுதான் அவர் திரும்பினார். "ஒண்ணும் சொல்லாத. வக்கீலுங்க பார்த்துப்பாங்க. நீ வாயத் திறந்தா, உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. புரியுதா?"

புரிந்தது. அவன் இருபத்திரண்டு மேசைகளுக்கும் போய், பதினான்கை அனுப்பினால் இந்த வரியைக் கையால் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னான். பதினெட்டுப் பேர் தலையாட்டினார்கள். தலையாட்டியதை எண்ணத்தான் அவனால் முடிந்தது.

6

முடிவுகள்.

ஒன்று. பொறியாளர் ஒருவர் ஓடிவருகிறார், பதிவு கிடைத்துவிட்டது. மூன்று முக்குளிப்புகளும் திரையில் விரிகின்றன. கடைசியில் மெதுவாக, ஒழுங்காக மேலேறும் கோடு. இதை இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டு. நாளை பத்து மணி. நீண்ட மேசைக்கு முன்னால் அவள் நிற்கிறாள். கட்டைவிரலால் திரையைக் கீழே இழுக்கிறாள். வட்டம் சுற்றி நிற்கிறது. மறுபடி இழுக்கிறாள். "பொறுமையா பாருங்கம்மா," என்கிறார் கம்பெனிக்காரர், மிக மரியாதையாக. அவன் சும்மா இருந்தாலே போதும், இந்த முடிவு வந்துவிடும். இதற்கு எழுத்தாளர் தேவையில்லை.

மூன்று. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கணவர் உண்மையிலேயே மளமளவென்று ஏறியிருந்தால்? அப்படியானால் பதிவு அழிந்தது அவளுக்கு நல்லதுதானே? இன்று பிற்பகல் அவன் நோட்டில் ஒரு கோடு வரைந்தான். ஆழத்திலிருந்து செங்குத்தாக மேலே. அதைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நிம்மதியாக இருந்தான். தன் தலை தப்புவதற்காக, நடக்க முடியாமல் கிடக்கும் ஒருவரைப் பொய்யராக்கிப் பார்த்தான். வேகமாக ஏறியவர் வாட்ச்சைக் கேளுங்கள் என்று சிரிப்பாரா?

அந்தக் கோட்டை நான் கிழிக்கவில்லை. முந்தைய பக்கத்தில் இருக்கிறது.

7

வகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பின்வரிசையில் நாற்காலி இழுபடுகிறது. இனி 'அவன்' போதும். அவன் நாளை யாரையும் கூப்பிடமாட்டான். நான்தான் கூப்பிட வேண்டும்.

முதல் வாக்கியத்துக்கான முயற்சிகள்:

'மேடம், ஒரு சின்னத் தப்பு' சின்ன?

'மேடம், சர்வர்ல' திரும்பவும் பொய்.

'அக்கா,' அப்படிக் கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

'மேடம், வெள்ளிக்கிழமைப் பதிவு வராது. நான் அனுப்பின மெசேஜ்தான் அதை அழிச்சிருச்சு. வந்துரும்னு முந்தாநேத்து நான் சொன்னது பொய். பதிவு இருந்துச்சு, எங்களாலதான் போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். விசாரணையில காட்டுங்க.'

இதுதான். ஆனால் அந்தத் தாள் அவர் எத்தனை தடவை இறங்கினார் என்று சொல்லாது. எப்படி ஏறினார் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒன்று இந்த உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது, திங்கட்கிழமை மாலைவரை.

அவளுடைய பதிலை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழிலும் அவள் என்னை மன்னிக்கிறாள், அல்லது நான் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் திட்டுகிறாள். அவளுக்காகப் பேச எனக்கு உரிமையில்லை. வாசிக்கிற உங்களுக்கு அவள் குரல் கேட்டால், இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

..............................................

நாளை, நவம்பர் 13, வியாழன்.

காலை ஆறேகால்: அவளைக் கூப்பிடுவது, வேனை எடுப்பதற்கு முன்.

எட்டு மணி: கையெழுத்திட்ட தாளை ஆஸ்பத்திரியில் கொடுப்பது.

ஒன்பது மணி, அலுவலகத்துக்குள் விட்டால்: பதினான்காம் பதில், முதல் வரி.